பேனாவும் கடிவாளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எழுத்தாளரைப் பற்றி நம்மவரிடையே ஓர் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அவர் சாளரத்தருகே அமர்ந்திருப்பார், வானத்தை நோக்கியிருப்பார், கற்பனை வந்து கைகூடும் வேளையில் எழுதுவார், மற்றைய வேளைகளில் உலகக் கவலை யாதுமின்றி உலாவுவார் என்பதே அவ்வெண்ணம். மந்திரமும் மாயமும் நிறைந்த அற்புதக் கதைகளை எழுதுபவர் என்றாலோ சொல்ல வேண்டியதில்லை. அவருக்குக் கால் நிலத்திற் பாவாது என்றே முடிவு கட்டிவிடுகிறோம். இவ்வெண்ணம் எவ்வளவுக்கு உண்மை என்பதை ஒருவருடைய வாழ்க்கையை உரைகல்லாக வைத்துப் பார்ப்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

அவர் பெயர் ஜூடித் டார். அமெரிக்க நாட்டவர். 1955ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேன் மாநிலத்திற் பிறந்தவர். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியிலும், பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய மத்தியகாலக் கல்வியிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 'கண்ணாடித் தீவு' என்று பொருள்படும் அவருடைய முதல் நாவல் 1985ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அற்புதப் புனைகதைத் துறையிற் புதிதாகப் புகுந்தோருக்கு வழங்கப்படும் கிரோபோர்ட் பரிசு 1987இல் அவருக்குக் கிடைத்தது. மாவீரன் அலெக்சாந்தர் எகிப்து நாட்டுக்கு வந்த காலத்தை வைத்து அவர் 1993இல் வெளியிட்ட நாவல், உலக அற்புதப் புனைகதைப் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. வரலாற்றறிவும் கற்பனையும் கைகோத்துச் செல்வது அவருடைய எழுத்தின் இயல்பு. வேறு புனைபெயர்களிலும் அவர் எழுதியுள்ளார்.

இவ்வளவும் ஒரு முகம். மற்றொரு முகமும் உண்டு. அரிசோனா மாநிலத்தில், டூசன் நகரத்துக்கு அண்மையிலுள்ள வரண்ட நிலத்திலே, 'நடனக் குதிரைப் பண்ணை' என்று பொருள்படும் பெயருடைய பண்ணையில் லிப்பிசான் என்னும் உயரினக் குதிரைகளைப் பல்லாண்டுகளாக அவர் வளர்த்து வந்திருக்கிறார். கதை எழுதும் கையும் லாயத்தைக் கூட்டும் கையும் அங்கே ஒன்றுதான்.

லிப்பிசான் இனத்தின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. 1580ஆம் ஆண்டில் ஒஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் என்னும் இளவரசர், இன்று சுலோவேனியா நாட்டில் அடங்கும் லிப்பிசா என்ற சிற்றூரிலே ஒரு குதிரைப் பண்ணையை நிறுவினார். ஊர்ப்பெயரே இனத்தின் பெயராயிற்று. இக்குதிரைகளின் குட்டிகள் பெரும்பாலும் கருமையாகவோ கபில நிறமாகவோ பிறக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல வெளுத்து, ஆறு முதல் பத்து வயதளவிற் பால்போன்ற வெண்ணிறம் அடைகின்றன. வியன்னா நகரிலுள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் இசைக்கிசைய அடியெடுத்து வைத்து உலகத்தாரை வியக்கச் செய்பவை இவையே. இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், 1945ஆம் ஆண்டில், இன்றைய செக் நாட்டு எல்லைக்குள் உள்ள ஹொஸ்டாவ் என்ற ஊரில் வைக்கப்பட்டிருந்த இவ்வினத்துப் பெண்குதிரைகளும் குட்டிகளும் அழிந்துவிடுமோ என்ற நிலை தோன்றியது. அமெரிக்கப் படையினர் அவற்றை மீட்டனர். 2022ஆம் ஆண்டில் இவ்வினத்தை வளர்க்கும் மரபு யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆகவே ஒரு லிப்பிசான் குட்டியை வளர்ப்பவர் தமக்கொரு வாகனம் தேடிக்கொள்பவர் அல்லர். நானூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பரம்பரையில் ஒரு கண்ணியைத் தம் கையில் ஏந்துபவர்.

நம் நாட்டிலே நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைக் கண்டிருப்பார்கள். அவை தாமே மேய்கின்றன; வரட்சி வந்தால் தாமே வாடுகின்றன. வளர்ப்புக் குதிரையின் நிலை வேறு. மேய்ச்சல் இல்லாத வரண்ட நிலத்தில் அதன் வாய்க்கு வேண்டியது முழுவதும் மனிதன் கையிலிருந்தே வர வேண்டும். கணக்கைச் சற்றே பாருங்கள். ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறையப் பத்துக் கிலோ உலர்ந்த புல் வேண்டும். ஐந்து குதிரைகள் உள்ள ஒரு லாயத்துக்கு ஆண்டுக்குப் பதினெட்டுத் தொன் ஆகிறது. தண்ணீர், குதிரை ஒன்றுக்கு நாள்தோறும் இருபத்தைந்து லீற்றருக்குக் குறையாது. டூசன் பகுதியைப் போல வெயில் நாற்பது பாகைவரை ஏறுமிடத்தில் அது இருமடங்காகும். உண்டது சாணமாகி வெளிவரும். அதுவும் குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இருபது கிலோ அளவில் இருக்கும். அதனை அள்ளிக் கொட்டாமல் விட்டால் ஈயும் நோயும் பெருகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கொரு முறை குளம்பைச் சீவ வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் பல்லைப் பார்த்து அராவ வேண்டும். பெண்குதிரை பதினொரு மாதம் சினை தாங்கும்; பெரும்பாலும் நள்ளிரவிலேயே குட்டி ஈனும். அந்த நாட்களில் வளர்ப்பவருக்கு உறக்கம் இல்லை.

இவையெல்லாவற்றினும் பெரியது ஒன்றுண்டு. குதிரையினால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பின் அளவுக்கு இரைப்பை மிகச் சிறியது. ஆதலாற் சிறுகச் சிறுக ஓயாது தின்பதற்கென்றே படைக்கப்பட்ட பிராணி அது. உணவு பிந்தினாலோ, திடீரென்று மாறினாலோ, தண்ணீர் குறைந்தாலோ கடும் வயிற்றுநோவு கண்டு, சில மணி நேரத்தில் உயிரையும் இழக்கக்கூடும். அத்தியாயத்தின் நடுவில் இருக்கிறேன், கொஞ்சம் பொறு என்று குதிரையிடம் சொல்ல முடியாது. கதாநாயகன் மலையுச்சியிலே தொங்கிக்கொண்டிருந்தாலும், லாயத்திலே தீனிவேளை வந்துவிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும்.

இனி, இத்தகைய கடமையைத் தலையிற் சுமந்த ஒருவர் எழுத்தினால் எவ்வாறு பிழைப்பது? இங்கேதான் நம் பொருளின் உயிர்நிலை இருக்கிறது.

மேனாட்டிற் பதிப்பகங்கள் எழுத்தாளருக்கு முன்பணம் கொடுப்பது வழக்கம். கையெழுத்திடும்போது ஒரு பகுதி, பிரதியை ஒப்படைக்கும்போது ஒரு பகுதி, நூல் வெளியாகும்போது ஒரு பகுதி என்று அது வந்துசேரும். இடையிலே மாதங்கள் கழியும். சிலவேளை ஆண்டும் கழியும். விற்பனையில் வரும் உரிமைப்பணமோ முன்பணம் ஈடான பின்னரே தொடங்கும். 1990ஆம் ஆண்டுகளிற் புத்தகக் கடைகள் கணினிக் கணக்கைக் கைக்கொண்டபோது மற்றோர் இடர் தோன்றிற்று. ஓர் ஆசிரியரின் முன்னைய நூல் எத்தனை பிரதி விற்றதோ அத்தனை பிரதியே அடுத்த நூலுக்குக் கட்டளை இடுவது என்று கடைகள் வைத்துக்கொண்டன. பத்தாயிரம் பிரதி வாங்கி ஏழாயிரம் விற்றால், அடுத்த முறை ஏழாயிரமே வாங்குவர்; அதில் ஐயாயிரம் விற்றால், அதற்கடுத்த முறை ஐயாயிரம். படிப்படியாக இறங்கி ஒருநாள் பதிப்பகம் கதவைச் சாத்திவிடும். எழுத்தின் தரம் குன்றாதிருக்கவும், தொடர்கதை நடுவழியில் நின்றுபோக, வாசகர் ஏங்கி நிற்க, நடுத்தர விற்பனையுள்ள நல்லெழுத்தாளர் பலர் இவ்வாறு ஒதுக்கப்பட்டனர்.

எழுத்தின் வருவாய் மானாவாரிப் பயிர் போன்றது, வந்தால் வரும். குதிரையின் வாயோ நாள்தோறும் திறக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் வாசகர் ஆதரவு.

வாசகர் முன்னரே பணம் தந்து எழுத்தாளரை எழுதச் செய்வது புதுமை என்று பலர் கருதுகின்றனர். அது பழைய வழக்கமே. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாந்தர் போப், ஓமரின் இலியத் காவியத்தை 1715 முதல் 1720 வரை ஆறு பாகங்களாக மொழிபெயர்த்து வெளியிட்டபோது, பாகம் ஒன்றுக்கு ஒரு கினி வீதம் 575 பேர் முன்கூட்டியே ஒப்பமிட்டனர். எந்தப் பிரபுவின் வாயிலிலும் நில்லாமற் கவிஞர் ஒருவர் தலைநிமிர்ந்து வாழ அப்பணம் வழிசெய்தது. நம் தமிழ் நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியை அச்சேற்றியபோது, அன்பர்களிடம் கையொப்பம் சேர்த்தே அப்பெருஞ் செலவைச் சமாளித்தார்கள். ஏட்டில் உறங்கிய காவியத்தை எழுப்பிய கைகளுள் கையொப்பமிட்டவர்களுடைய கைகளும் அடங்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

இப்பழைய வழக்கத்துக்கு இக்காலத்திற் புது வாகனம் கிடைத்திருக்கிறது. இணையத்தின் வழியே 2009ஆம் ஆண்டிற் கிக்ஸ்டார்ட்டர் என்னும் நிறுவனம் தோன்றியது. எழுத்தாளர் தம் நூலைப் பற்றி விளக்கி, இவ்வளவு பணம் வேண்டும் என்று ஓர் இலக்கைக் குறிப்பார். குறித்த நாளுக்குள் இலக்கு நிறைந்தாற் பணம் கைக்கு வரும். நிறையாவிட்டால் எவரிடமிருந்தும் ஒரு காசும் எடுக்கப்படுவதில்லை. 2013ஆம் ஆண்டில் வந்த பேட்றியன் என்பதோ மாதச் சந்தா முறை. விரும்பிய வாசகர் மாதந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்துவர். எழுத்தாளர் அத்தியாயங்களையும் சிறுகதைகளையும் அவர்களுக்கு முதலில் அளிப்பார். இவற்றோடு, எழுத்தாளரே கூடி நடத்தும் கூட்டுறவுப் பதிப்பகங்களும் எழுந்தன. 2008இல் தொடங்கிய 'புக் வியூ கஃபே' அத்தகையது. பேர்பெற்ற அர்சுலா லெ குவின் அம்மையாரும் அதன் தொடக்க அங்கத்தவர்களுள் ஒருவர். ஜூடித் டாரும் அதில் அங்கத்தவரானார்.

அவருடைய 'மறக்கப்பட்ட சூரியர்கள்' என்னும் பொருளுடைய நாவல் இவ்வழியில் வந்தது. பழைய மந்திர உலகமும் விண்வெளிக் கப்பல்களும் ஒன்றாகக் கலந்த கதை அது. எந்த அலுமாரித் தட்டில் வைப்பது என்று கடைக்காரர் தலையைச் சொறியக்கூடிய நூல். வாசகர்களோ தட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிக்ஸ்டார்ட்டர் வழியாக அவர்கள் அளித்த பணத்தைக் கொண்டு எழுதப்பெற்று, 2015ஆம் ஆண்டிற் கூட்டுறவுப் பதிப்பகத்தின் மூலம் அது வெளியாயிற்று. முன்னர் 1980ஆம் ஆண்டுகளில் அவர் படைத்த ஒரு கற்பனை உலகத்தின் தொடர்ச்சியைக் காண ஏறக்குறைய முப்பதாண்டு காத்திருந்த வாசகருக்கு அது பெருவிருந்தாக அமைந்தது.

இவ்வழி எல்லோருக்கும் பொன்வழி என்று எவரும் மயங்கலாகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிராண்டன் சாண்டர்சன் என்னும் அற்புதக் கதாசிரியர் நான்கு நாவல்களை முன்வைத்துக் கேட்டபோது, ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் பேருக்கு மேல் சேர்ந்து 4 கோடியே 17 லட்சம் டொலர் அளித்தனர். செய்தித்தாள்கள் அதனைக் கொண்டாடின. ஆனால் அது ஆலமரம். ஏனையோர் வளர்ப்பது கீரைப்பாத்தி. சில நூறு வாசகர், ஆளுக்குச் சில டொலர் என்பதே பெரும்பாலோர் காணும் கணக்கு. அவ்வளவு போதுமா எனில், போதாது. ஆகவேதான் இத்தகைய எழுத்தாளர் பிறருடைய பிரதிகளைத் திருத்திக் கொடுக்கிறார். இளையோருக்கு எழுத்துப் பயிற்சி அளிக்கிறார். சஞ்சிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறார். ஜூடித் டார் இவையனைத்தையும் செய்தவர். இவற்றுக்கு நடுவிலேதான் நாவல் வளர வேண்டும்.

அன்பர்களே, இங்கே ஒரு வினா எழுகிறது. முன்பணம் பெற்ற எழுத்தாளர் வாசகருக்கு அடிமை ஆகிவிடாரா? அரசனுக்குப் பாடிய புலவன் அரசனைப் புகழ்ந்தான். சந்தாதாரருக்கு எழுதுபவர் சந்தாதாரரின் மனம் கோணாமல் எழுதத் தலைப்படாரா?

இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் ஆகாது. சாமுவேல் ஜோன்சன் என்னும் பேரறிஞர் 1755ஆம் ஆண்டிற் செஸ்டர்பீல்டு பிரபுவுக்கு ஒரு கடிதம் வரைந்து, காலத்திலே உதவாத புரவலரின் தயவைக் கடிந்து விலக்கினார். அடுத்த ஆண்டிலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிப்பதாகச் சொல்லி வாசகரிடம் சந்தா சேர்த்தார். விரைவில் வெளிவரும் என்று சொன்ன பதிப்பு 1765ஆம் ஆண்டிலேதான் வந்தது. இடையிலே, சந்தாக்காரரின் காசைப் பெற்றுக்கொண்டு நூலைத் தாராதவர் என்று சார்ல்ஸ் சர்ச்சில் என்ற புலவர் அவரைப் பழித்துப் பாடினார். ஒரு பிரபுவை உதறியெறிய முடிந்த ஜோன்சனுக்கு, நூற்றுக்கணக்கான சிறிய புரவலர்களுடைய காத்திருப்பை உதற முடியவில்லை. வாசகர் பணம் இலேசான பணம் அன்று. அது வாக்குறுதியின் பாரத்தோடு வருவது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நோக்குங்கள். ஒரே பிரபு கோபித்தால் அன்றே சோறு போய்விடும். முந்நூறு வாசகரில் ஒருவர் கோபித்தால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் எஞ்சுவர். ஆகவே ஒரு தனிமனிதரின் விருப்புக்கு வளைய வேண்டிய தேவை இல்லை. அன்றியும், சந்தா செலுத்தும் வாசகர் அந்த எழுத்தாளரின் எழுத்தே வேண்டும் என்றுதான் செலுத்துகிறார். வேறொருவரைப் போல எழுதும்படி கேட்பவர் அந்த வேறொருவரிடமே போயிருப்பார். இம்முறை எழுத்தாளரிடம் கேட்பது மனத்தையன்று; காலத்தையே. சொன்ன மாதத்திற் சொன்னதைத் தா என்பதே அதன் கட்டளை.

இந்தக் கட்டளையைத் தாங்கும் பயிற்சியை லாயம் தருகிறது என்பதே நமது கருத்து. லிப்பிசான் மெதுவாக முதிரும் குதிரை. நான்கு வயதளவிலேதான் சேணம் ஏற்றுவர். உயர்ந்த நடைகளைக் கற்றுத் தேற மேலும் ஆறாண்டோ அதற்கு மேலோ செல்லும். அடித்து விரைவுபடுத்தினால் ஆள்மீது நம்பிக்கை இழந்துவிடும். ஒருமுறை இழந்த நம்பிக்கையை மீட்பதற்கு அதனினும் அதிக காலம் வேண்டும். நாள்தோறும் சிறிதளவு, தவறாமல், பொறுமையோடு என்பதே அதன் கல்விமுறை. நாவலும் அப்படித்தான் வளர்கிறது. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் எழுதுபவர், இடையிடையே நின்றாலும், ஆண்டிறுதியில் ஒரு நூலைக் காண்பார். எழுச்சி வரட்டும் என்று காத்திருப்பவர் ஆண்டிறுதியிலும் காத்துக்கொண்டேயிருப்பார். தினமும் விடியலில் லாயத்துக்குப் போய்ப் பழகிய கால்கள் மேசைக்குப் போகவும் தயங்குவதில்லை.

குதிரை வேறொன்றையும் தருகிறது. அது எழுத்தின் மெய்ம்மை. அற்புதக் கதைகளிற் குதிரைகளை மோட்டார் வாகனம் போல ஓட்டும் எழுத்தாளர் பலர். இரவு பகலாக ஓடுகின்றன. தின்பதில்லை, குடிப்பதில்லை, நொண்டுவதில்லை. இவ்வகைக் குதிரைகள் மகரந்தச் சேர்க்கையினால் இனம்பெருகுகின்றன போலும் என்று டயானா வின் ஜோன்ஸ் அம்மையார் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட நகைச்சுவை நூலொன்றில் எள்ளி நகையாடினார். ஜூடித் டாரோ, கதைகளிற் குதிரையைப் பிழையின்றிச் சித்திரிப்பது எப்படி என்று எழுத்தாளருக்காகவே ஒரு கைந்நூல் எழுதினார். கெயிட்லின் பிரெனன் என்ற புனைபெயரில் அவர் 2004ஆம் ஆண்டிலிருந்து எழுதிய நாவல்களில், வெண்குதிரைகளே தெய்வத்தன்மை பொருந்திக் காலத்தின் போக்கையே தம் நடனத்தால் நெறிப்படுத்துகின்றன. மந்திரத்தை நாம் நம்பவேண்டுமானால் அதனைத் தாங்கும் குளம்பின் ஒலி மெய்யாக இருக்க வேண்டும். அம்மெய்யைச் சாணம் அள்ளிய கை அறியும்.

ஆகவே அவருடைய வாழ்க்கையைக் குதிரை கெடுத்ததா, எழுத்தை வளர்த்ததா என்று கேட்டால், இரண்டும் உண்மை என்றே சொல்ல வேண்டும். எழுதியிருக்கக்கூடிய பல மணி நேரங்களைக் குதிரை தின்றிருக்கும், அதில் ஐயமில்லை. மாதச் சந்தா வராத மாதத்தில் புல்லுக்கு என்ன செய்வது என்ற கவலை இத்தகைய வாழ்வில் ஓயாத கவலை. இது சுகவாழ்வு என்று சொல்லி வாலிபர்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆனால் எழுத்தை மெய்யாக்கியதும், எழுதும் கைக்கு ஒழுங்கைத் தந்ததும் அதே சுமைதான். சுமையை இறக்கி வைத்துவிட்டால் எழுத்து உயர்ந்துவிடும் என்பது உறுதியன்று.

நம்மிடையே எழுத ஆசைப்படும் இளைஞரும் யுவதியரும் பலர் உளர். உத்தியோகம் இருக்கிறது, வயல் இருக்கிறது, வீட்டிலே நோயாளர் இருக்கின்றனர், ஓய்வு கிடைத்தபின் எழுதுவோம் என்று அவர்கள் சொல்லக் கேட்கிறோம். ஓய்வு தானாக வருவதில்லை. இருக்கிற கடமைக்கு நடுவே அரைமணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அக்கடமையே நாளை உங்கள் எழுத்துக்குப் பொருளாகவும் வரலாம்.

எழுதாமல் வாசிப்பவர்களாகிய பெரும்பான்மையோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் ஊரிலே ஒருவர் நூல் வெளியிட்டால், வெளியீட்டு விழாவுக்குப் போகிறோம், வாழ்த்துகிறோம், தேநீர் அருந்துகிறோம், இனாமாக ஒரு பிரதி கிடைக்குமா என்று பார்க்கிறோம். நண்பர் என்ற உரிமையிற் கேட்கிறோம். அச்சகத்தாருக்கு அந்த உரிமை செல்லுபடியாகாது. கடனைக் கட்டுபவர் எழுத்தாளர்தாம். நல்ல நூல் வந்தபின் புகழ்வது எளிது. வருவதற்கு முன்னே ஒரு சிறு தொகையைக் கையில் வைத்து, எழுதுங்கள், நாங்கள் வாசிக்கக் காத்திருக்கிறோம் என்று சொல்வதே அரிது. சஞ்சிகை ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா, எழுத்தாளர் ஒருவரின் அடுத்த நூலுக்கு ஒரு முன்கையொப்பம் ஆகிய இவ்விரண்டையும் இம்மண்டபத்திலுள்ள ஒவ்வொருவரும் இவ்வாண்டிற் செய்வாராயின், எங்கோ ஒரு மேசையில் விளக்கு அணையாமல் எரியும்.

குதிரைக்குப் புல் போடாமல் ஓட்டப் பந்தயம் பார்க்க எவரும் எண்ணுவதில்லை. எழுத்தாளர் விஷயத்தில் மட்டும் நாம் அப்படி எண்ணுவது முறையாகுமா? இதனை எண்ணிப் பாருங்கள்.